பூதவாதியின் பக்கம்

(நெய்வேலி நகரியத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் இந்த ஊரில் வளர்ந்தவன். என் அப்பா முதல் சுரங்கத்தில் வேலை பார்த்தார். இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் சைக்கிளில் வந்து இறங்குவார். எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் புத்தர் படம் ஒன்று மாட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் முருகனுக்குப் பூ வைப்பார்கள். புத்தருக்கு வைக்கமாட்டார்கள். ஏன் என்று சிறு வயதில் அப்பாவிடம் கேட்டேன். "அவர் சாமி இல்லப்பா, ஞானி. அவர் சொன்னது தத்துவம்" என்றார்.

அதற்குப் பிறகு கல்லூரியில் தத்துவம் பயிற்றுவித்த முப்பது ஆண்டுகளிலும் அதே சொற்றொடரைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். பௌத்தம் மதமே இல்லை, தத்துவம். படித்தவர்கள் சொல்கிறார்கள், நாத்திகர்கள் சொல்கிறார்கள், கோயிலுக்குப் போகிறவர்களும் சொல்கிறார்கள். இன்று இந்தச் சொற்றொடரை உங்கள் முன் வைத்து ஆராயப் போகிறேன். நான் மறுபிறப்பை நம்பாதவன், கடவுளை ஏற்காதவன். அந்த இடத்தில் நின்றுதான் பேசுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தியான முகாமுக்குப் போயிருந்தேன். பத்து நாள், பேச்சில்லை. முதல் நாள் மாலையில் எங்களிடம் சொன்னார்கள்: இது எந்த மதத்தையும் சேர்ந்தது இல்லை, மனத்தைப் பற்றிய அறிவியல். அடுத்த நிமிடமே புத்தரையும் தம்மத்தையும் சங்கத்தையும் சரணடையும் பாலி வாசகத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். நாள்கள் போகப் போக, உடம்பில் எழும் வலி முற்பிறவிகளில் சேர்ந்த பழக்கங்கள் மேலே வருவது என்று விளக்கினார்கள். நான் கை தூக்கி, முற்பிறவி இருந்தது என்பதற்கு என்ன சான்று என்று கேட்டேன். அனுபவத்தில் தெரியும், பயிற்சியைத் தொடருங்கள் என்றார்கள். மூச்சைக் கவனிப்பதால் எனக்கு நன்மை உண்டானது. அதை மறுக்கவில்லை. ஆனால் கதவில் தத்துவம் என்று எழுதிவிட்டு உள்ளே மதத்தைப் பரிமாறினார்கள் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. தத்துவம் என்றால் கேள்விக்குப் பதில் சொல்லியாகவேண்டும். அந்தக் கடமை அங்கே இல்லாமல் போயிற்று.

தமிழில் பௌத்தம் ஒருகாலத்தில் அந்தக் கடமையை ஏற்றிருந்தது. அதற்குச் சான்று மணிமேகலை.

மணிமேகலையை நாம் அமுதசுரபிக்காக நினைவில் வைத்திருக்கிறோம். பாதிக் காப்பியம் அப்படித்தான்: மணிபல்லவத்துப் பீடிகை, முற்பிறப்பு அறிதல், வான்வழி செல்ல மந்திரம், வேற்றுரு எடுக்க மந்திரம், காயசண்டிகையின் யானைத்தீ என்ற பசிநோய். மறுபாதியில் வாதம் இருக்கிறது. 27-ஆம் காதையில் மணிமேகலை ஆண் துறவி வேடத்தில் வஞ்சி நகருக்குப் போய், அளவைவாதி தொடங்கி ஒவ்வொரு சமயவாதியிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியாக வருபவன் பூதவாதி. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேர்ந்தால் கள்ளில் போதை பிறப்பதுபோல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான். பூதங்கள் பிரிந்தால் உணர்வும் போய்விடும். கண்ணால் கண்டதே சான்று. இந்தப் பிறப்பின் பயன் இந்தப் பிறப்பிலேயே முடிகிறது.

அந்த அவையில் நான் இருந்திருந்தால் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

மணிமேகலை மற்றவர்களுக்கு மறுமொழி சொல்லவில்லை. இவனிடம் மட்டும் சிரிக்கிறாள். முற்பிறப்பை அறிந்தவர்கள் இருக்கிறார்களே என்கிறாள். தெய்வ மயக்கமாகவோ கனவாகவோ இருக்கலாம், அதில் ஐயத்துக்கு மேல் ஒன்றும் இல்லை என்கிறான் அவன். உடனே அவள் கேட்கிறாள்: இவர்கள்தான் உன் தாய் தந்தையர் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்?

இது மிகச் சிறந்த கேள்வி. கண்டது மட்டுமே சான்று என்பவனை இதைவிடச் சுருக்கமாக மடக்க முடியாது. என் பிறப்பை நான் பார்க்கவில்லை. பூதவாதிக்கு மறுபடி பேசக் காப்பிய ஆசிரியர் சாத்தனார் இடம் தரவில்லை. அவன் விட்ட இடத்தில் நான் தொடர்கிறேன். அதற்கான கருவியை அதே காப்பியத்தின் 29-ஆம் காதையிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் பௌத்த அளவையைச் சொல்லித் தருகிறார். நேரில் காண்பதாகிய காண்டல், அனுமானமாகிய கருதல் என்று அளவை இரண்டு. கருதலுக்குப் பக்கம் (நிறுவவேண்டிய கருத்து), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று உறுப்புகள். மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையில் கண்டதுபோல. அடுக்களை என்ற சொல் இங்கே மிக முக்கியம். புகையும் நெருப்பும் சேர்ந்திருந்ததை எங்கோ ஓரிடத்தில் கண்ணாரக் கண்டிருக்கவேண்டும். அப்போதுதான் மலையில் காணாத நெருப்பைக் கருதலாம். பிறகு பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று எத்தனை வகையில் அனுமானம் வழுவும் என்பதைப் பொறுமையாக அடுக்குகிறார். தமிழ்க் காப்பியம் ஒன்றில் இப்படி ஒரு தருக்கப் பாடம் இருப்பது நமக்குப் பெருமை. பௌத்தத் தருக்க ஆசிரியர் திக்நாகர் காஞ்சிப் பக்கத்தவர் என்பார்கள்; அவர் வழிவந்த தருக்க மரபோடு இந்தப் பகுதி நெருங்கி நிற்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இப்போது பூதவாதிக்காகக் கேட்கிறேன். தாய் தந்தையர் விஷயத்தில் எனக்கு அடுக்களை உண்டு. மற்றக் குழந்தைகள் தாய்வயிற்றில் பிறப்பதை மக்கள் பார்த்திருக்கிறார்கள். மறுபிறப்புக்கு அடுக்களை எது? ஓர் உணர்வு ஓர் உடலை விட்டு இன்னோர் உடலில் தொடர்ந்ததை எங்கே கண்டு, அதைத் திட்டாந்தமாக வைத்து மற்றவற்றைக் கருதுகிறீர்கள்? மணிமேகலை தன் நினைவைக் காட்டுகிறாள். அந்த நினைவு மணிபல்லவத்துப் பீடிகையைக் கண்டதால் வந்தது. கேட்டவனுக்கு அது காண்டலும் இல்லை, கருதலும் இல்லை. அறவண அடிகளின் பாடத்தை ஒழுங்காகக் கற்ற மாணவன் ஒருவன் 27-ஆம் காதைக்குத் திரும்பிப்போனால் பூதவாதியைத் தோற்றவன் என்று எழுதமாட்டான்.

கருதல் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இந்த ஊரே உதாரணம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்தது. பிறகு துளைபோட்டுப் பார்த்து, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் கிடைத்த மாதிரிகளை வைத்து, கீழே பழுப்பு நிலக்கரிப் படுகை பரந்து கிடக்கிறது என்று நிலவியலாளர்கள் கருதினார்கள். அந்தக் கருதலை நம்பி 1956 நவம்பர் 14-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. 1957 மே மாதம் பிரதமர் நேரு வந்து சுரங்க வெட்டைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அகற்றிக்கொண்டே போய், அடியிலிருந்து பீறிடும் நீரை இறைத்துக்கொண்டே போய், 1961 ஆகஸ்டில்தான் கரி கண்ணில் பட்டது. அந்த இடைக்காலத்தில் கருதல் தவறாக இருக்க இடமிருந்தது. தவறென்றால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மறுபிறப்புக் கொள்கை தன்னை இப்படி ஒரு சோதனைக்கு ஒப்புக்கொடுத்ததில்லை.

இன்னொரு கேள்வி இதைவிடப் பழையது, இதைவிடக் கூர்மையானது. ஆன்மா இல்லை என்கிறது பௌத்தம். எல்லாம் கணந்தோறும் தோன்றி அழிகிறது என்கிறது. அப்படியானால் வினை செய்தவன் யார், பயனை அனுபவிப்பவன் யார்? இதைக் கேட்கத் தமிழில் ஒரு முழு நூலே எழுந்தது. குண்டலகேசி என்ற பௌத்த நூலுக்கு எதிராகச் சமணர் எழுதிய நீலகேசி. அதில் நீலகேசி என்ற பெண் பௌத்த ஆசிரியர்களைத் தேடித் தேடிப் போய் வாதிடுகிறாள், புத்தரிடமே வாதிடுகிறாள். பிறகு 13-ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தி அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் பௌத்தத்தின் நான்கு பிரிவுகளையும் தனித்தனியே எடுத்து மறுத்தார். அவருடைய ஊர் திருத்துறையூர். பண்ருட்டிக்குப் பக்கம், இங்கிருந்து அதிக தூரம் இல்லை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவதுபோல என்று 'மிலிந்தன் கேள்விகள்' என்ற பாலி நூலில் நாகசேனர் என்ற பிக்கு தரும் விளக்கம் அழகானது. ஆனால் இரண்டாவது விளக்கு, முதல் விளக்கு செய்த குற்றத்துக்குத் தண்டனை பெறுவதில்லையே! அங்கே உவமை முறிகிறது.

நீலகேசியும் பரபக்கமும் பௌத்தத்தை வெறுத்தவர்களின் நூல்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரியின் கொள்கையை முழுதாகக் கற்று, அதன் சொற்களிலேயே எடுத்துச் சொல்லி, பிறகு மறுப்பது உயர்ந்த மரியாதை. அவர்கள் பௌத்தத்தைத் தத்துவமாக நடத்தினார்கள். நாம் அதைத் தத்துவம் என்று புகழ்ந்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்பதில்லை. வாதத்தில் முடியாததை அற்புதத்தால் முடித்த கதைகளும் நம்மிடம் உண்டு. சிதம்பரத்தில் மாணிக்கவாசகர் ஈழத்துப் பௌத்தர்களோடு வாதிட்டபோது ஊமைப் பெண் பேசினாள் என்கிறது திருவாதவூரர் புராணம். சம்பந்தரை எதிர்த்த புத்தநந்தியின் தலையில் இடி விழுந்தது என்கிறது பெரியபுராணம். இடி ஒரு வாதம் ஆகாது. யார் பக்கம் விழுந்தாலும் ஆகாது.

ஐயவாதி என்ற முறையில் பௌத்தத்தில் நான் மதிக்கும் இடங்களையும் சொல்லவேண்டும். மாலுங்கியபுத்தர் என்ற பிக்கு, உலகம் நிலையானதா, முடிவுள்ளதா என்று கேட்டபோது புத்தர் பதில் சொல்ல மறுத்தார். நச்சு அம்பு தைத்தவன் எய்தவனின் குலமும் நிறமும் தெரிந்த பிறகே அம்பைப் பிடுங்கவிடுவேன் என்றால் செத்துப்போவான் என்றார். காலாமர் என்ற குலத்தாருக்கு அவர் சொன்னது இன்னும் பெயர்பெற்றது: மரபு என்பதால் ஏற்காதே, நூலில் இருப்பதால் ஏற்காதே. அந்த உரையின் கடைசிப் பகுதியை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. மறுமை இருந்தால் நல்லவனுக்கு நல்லது. இல்லையென்றாலும் பகையின்றி இங்கேயே நிம்மதியாக வாழ்கிறான் என்று அதில் ஆறுதல்கள் சொல்லப்படுகின்றன. என்னைப் போன்றவனுக்கும் அங்கே ஒரு திண்ணை இருக்கிறது. துன்பத்துக்குக் காரணம் உண்டு, காரணத்தை நீக்கினால் துன்பம் குறையும் என்ற பார்வையும் என்றைக்கும் செல்லுபடியாகும். ஆனால் பாலி நூல்களில் புத்தர் ஞானம் பெற்ற இரவின் முதல் அறிவே முற்பிறவிகளை நினைவுகூர்ந்தது என்று இருக்கிறது. அதை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பௌத்தம் என்று அழைத்தால், வெட்டியவர் யார் என்பதையும் சொல்லியாகவேண்டும்.

வெட்டியவர்களில் மிக நேர்மையானவர் அம்பேத்கர். அவர் மறைந்த பின் 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில் நான்கு சிக்கல்களை எழுப்புகிறார். அவற்றில் ஒன்று நீலகேசியின் கேள்வியேதான்: ஆன்மா இல்லையென்றால் வினையும் மறுபிறப்பும் எப்படி? நான்கு உண்மைகள் புத்தர் சொன்னவைதாமா, பிற்காலத்துப் பிக்குகள் சேர்த்தவையா என்றும் கேட்கிறார். முற்பிறவி வினையால்தான் இந்தச் சாதியில் பிறந்தாய் என்ற பேச்சைக் கேட்டே வாழ்ந்த மக்களுக்கு அந்தக் கொள்கையை மறுபடி கொடுக்க அவர் மறுத்தார். மாற்றியதை மறைக்காமல், மாற்றுகிறேன் என்று எழுதினார்.

அதே அம்பேத்கர் பௌத்தத்தைத் தத்துவமாக மட்டும் விட்டுவைக்கவில்லை. 1956 அக்டோபர் 14-இல் நாக்பூரில் சரணம் சொன்னார், பஞ்சசீலம் ஏற்றார், லட்சக்கணக்கான மக்களுக்கு 22 உறுதிமொழிகளைத் தந்தார். நெய்வேலி நிறுவனம் பதிவாவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு. அந்த மக்களுக்குத் தேவைப்பட்டது கருத்தரங்கு இல்லை. வேறு பெயர், வேறு வணக்கம், திருமணத்துக்கும் சாவுக்கும் வேறு முறை, நாங்கள் இனி அவர்கள் இல்லை என்று ஊரறியச் சொல்ல ஓர் அடையாளம். அதைத் தத்துவத்தால் தர முடியாது. மதம்தான் தரும்.

தமிழ்நாட்டில் இதை அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே அயோத்திதாசப் பண்டிதர் புரிந்துகொண்டிருந்தார். 1898-இல் கர்னல் ஆல்காட்டோடு கொழும்பு சென்று பஞ்சசீலம் பெற்று வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் பௌத்தப் பொருள் சொன்னார். அவர் வரலாற்று விளக்கங்கள் பலவற்றை என்னால் ஏற்க முடிவதில்லை. ஆனால் அவர் இயக்கம் எங்கே வேர்விட்டது என்று பாருங்கள்: கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில். நம்மைப்போலவே ஒரு சுரங்க நகரியம். பூமிக்கடியில் இறங்கி உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த தமிழர்கள் அங்கே பௌத்தர்கள் ஆனார்கள், சங்கம் வைத்தார்கள், நூல் அச்சிட்டார்கள். அதே 1907-இல்தான் சென்னையின் அறிவியல் பேராசிரியர் லட்சுமி நரசு, பகுத்தறிவுக்கு இசைந்த பௌத்தத்தை விளக்கி ஆங்கிலத்தில் 'பௌத்தத்தின் சாரம்' எழுதினார். பிற்காலத்தில் அதை அம்பேத்கரே முன்னுரையோடு மறுபதிப்புச் செய்தார். நரசுவிடம் தத்துவம், பண்டிதரிடம் மதம். ஒரே நகரத்தில் ஒரே காலத்தில் இரண்டும் இருந்தன, உரசிக்கொண்டும் இருந்தன.

பெரியார் மூன்றாவது வழியில் நின்றார். 1953-இல் பிள்ளையார் உருவத்தை உடைக்கப் புத்தர் பிறந்தநாளைத் தேர்ந்தெடுத்தார். 1954-இல் ஈரோட்டில் புத்தர் மாநாடு நடத்தினார். புத்தியைப் பயன்படுத்துகிறவன் புத்தன் என்று விளக்கம் தந்தார். அதே ஆண்டின் இறுதியில் ரங்கூனில் உலக பௌத்தர் மாநாட்டில் அம்பேத்கர் அவரைச் சந்தித்து மதம் மாறலாம் என்றபோது மறுத்துவிட்டார். உள்ளே இருந்தால்தான் இந்து மதத்தைக் கண்டிக்க உரிமை இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். புத்தரை எடுத்துக்கொண்டார், புத்த மதத்தை விட்டுவிட்டார். என் மனம் பெரியார் பக்கம் சாய்கிறது. ஆனால் நாக்பூர் மைதானத்தில் நின்ற ஒரு குடும்பத்தின் இடத்திலிருந்து பார்த்தால் அம்பேத்கர் செய்தது சரி. இதைச் சொல்ல எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

மதமென்று ஒப்புக்கொண்டால் மதத்துக்குரிய விசாரணையும் வரும். தத்துவம் என்ற போர்வை அதைத் தடுக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு. நூறாண்டு துறவிருந்த பிக்குணியும் அன்று துறவேற்ற பிக்குவை எழுந்து வணங்கவேண்டும் என்கிறது விநய நூல். எந்தத் தத்துவத்துக்கு இந்த விதி தேவை? இலங்கையின் 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. 1978 அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஒரு தத்துவத்துக்கு முதன்மை இடம் கொடுத்துக் காப்பாற்றுவதாக அரசுகள் பொதுவாக எழுதிவைப்பதில்லை. 1959-இல் பிரதமர் பண்டாரநாயக்கவைச் சுட்டவர் காவியுடை அணிந்த பிக்கு. அது உண்மையான பௌத்தம் இல்லை என்று உடனே சொல்வார்கள். மற்ற மதத்தார் இதையே சொல்லும்போது நாம் ஏற்கிறோமா? பக்கத்து நாட்டில் நம் இனத்தார் பட்ட பாட்டுக்குப் பிறகும், பௌத்தம் மதமில்லை என்று தமிழன் ஒருவன் யோசிக்காமல் சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது.

நம் சட்டத்துக்கு இதில் குழப்பமே இருந்ததில்லை. 1950-ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியினர் ஆணை, சில விதிவிலக்குகள் தவிர, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. பௌத்தம் ஏற்ற மக்கள் அதில் சேர்க்கப்பட்டது 1990-இல். நாக்பூருக்கும் அதற்கும் இடையே 34 ஆண்டுகள். ஒரு தத்துவத்தை ஏற்றதற்காக அவர்கள் அந்த இடத்தை இழந்திருக்கமாட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் தம்மைப் பௌத்தர் என்று பதிந்தவர்கள் சுமார் 11 ஆயிரம் பேர்தான். புத்தர் படம் மாட்டிய வீடுகள் எத்தனை என்று நமக்குத் தெரியும். மாட்டுவதற்கு விலை இல்லை. அந்தக் கட்டத்தில் பதிவதற்கு விலை உண்டு. விலை கொடுத்தவர்களிடம் போய், உங்களுடையது மதமே இல்லை, வெறும் தத்துவம் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

இங்கே பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் நிறைய வந்திருக்கிறீர்கள். மணிமேகலையின் 27-ஆம் காதையையும் 29-ஆம் காதையையும் நல்ல உரையோடு அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். பிறகு நீலகேசியை எடுங்கள். நான் பூதவாதிக்காகப் பேசினேன். மணிமேகலைக்காகப் பேச உங்களில் ஒருவர் அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு வரவேண்டும் என்று அறக்கட்டளையாரைக் கேட்டுக்கொள்கிறேன். நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.